கப்பல் கிரெயின்ல எது எந்த ஒயர்னு தெரியாம முழிச்ச அனுபவம் யாருக்காவது இருக்கா?

பழைய_கேடட்: நானே ஆரம்பிக்கிறேன். முதல் கப்பல் சூப்ராமேக்ஸ் பல்க் கேரியர் (சரக்கை மூட்டை கட்டாம அப்படியே கொட்டி ஏத்துற நடுத்தர சைஸ் கப்பல்), டெக்ல நாலு கிரெயின், ஒவ்வொண்ணும் 30 டன் தூக்கும். படத்தப் பாத்து பெடஸ்டல் (அடித்தூண்), ஜிப் (நீட்டுக் கை), ஹூக் பிளாக் (கொக்கி)னு மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன், ஆனா கீழ நின்னு அண்ணாந்து பாத்தா கிரெயின் ஹவுஸ் (தூண் மேல திரும்புற கூடு) உச்சியிலேர்ந்து ஜிப் தலைக்கு கருகருன்னு கிரீஸ் பூசின ஒயரா ஓடுது, சரக்கைத் தூக்குற ஹாய்ஸ்டிங் எது, ஜிப்பை ஏத்தி இறக்குற லஃபிங் எதுன்னு ஒண்ணும் புரியல. போசன் (டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி) தூத்துக்குடிக்காரர். "ஏலே, ஜிப் தலையில ஏறி கொக்கியோட கீழ தொங்குதுல்லா, அது ஹாய்ஸ்டிங். கீழ வராம மேலயே திரும்பிப் போயிருதுல்லா, அது லஃபிங். அது அறுந்தா சரக்கு விழும், இது அறுந்தா ஜிப்பே விழும்"னார். அதுக்கப்புறம் மறக்கவே இல்ல.

ஆனாலும் மானம் போனது பங்களாதேஷ் சிட்டகாங் வெளி ஆங்கரேஜ்லதான் (துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போடுற இடம்). அங்க நம்ம கிரெயின்லயே கிராப் (சரக்கை அள்ளுற இரும்பு வாய்) மாட்டி சின்னக் கப்பல்களுக்கு இறக்குவாங்க. வேலை முடிஞ்சு ராத்திரி மூணு மணிக்கு ஜிப்பை ரெஸ்ட்ல (அதைத் தாங்குற ஸ்டாண்டுல) படுக்க வைக்கணும், பாதியில நின்னுட்டு இறங்கவே மாட்டேங்குது. கிரெயின் அவுட்னு எலக்ட்ரீஷியனை எழுப்பிட்டேன். மனுசன் கைலியோட ஏறி வந்து, கேபின்ல ஒரு சாவியத் திருப்பிட்டு, என்னை ஒரு பார்வை பாத்துட்டு இறங்கிப் போயிட்டார். லிமிட் சுவிட்சாம், சரக்கு தூக்கும்போது ஜிப் ரொம்பத் தாழக் கூடாதுன்னு அதுவே நிறுத்திடும், படுக்க வைக்க மட்டும்தான் அந்த பைபாஸ் சாவி. படுத்ததும் லஃபிங் ஒயர் லூசாகி டிரம்ல (ஒயர் சுத்துற உருளையில) பள்ளம் மாறிடாம பாக்கவும் ஒரு ஆள் வேணும்.

ஃபோர்த்_எஞ்சினியர்: நீங்க வெளிய பாத்தீங்க, எங்க பாடு உள்ள. பெடஸ்டலுக்குள்ள ஏணியில ஏறினா ஹைட்ராலிக் ஆயில் வாடை, வேர்த்துக் கொட்டும். பெடஸ்டலும் ஹவுசும் சேர்ற இடத்துல இருக்கிற பெரிய வளையம்தான் ஸ்லூயிங் பேரிங், கிரெயின் திரும்புறதே அதுமேலதான். ஒருதடவ அதுலேர்ந்து வந்த பழைய கிரீஸை விரல்ல தேய்ச்சுப் பாத்தேன், மினுமினுன்னு இரும்புப் பொடி. சீஃப் எஞ்சினியர் கிட்ட காட்டினதும் ராக்கிங் டெஸ்ட் (பேரிங் எவ்வளவு ஆடுதுன்னு அளக்குற சோதனை) வைங்கன்னுட்டார், டயல் கேஜ் வச்சுப் பாத்தா பேரிங்ல ஆட்டம் கூடியிருந்துச்சு.

ஹேட்ச்_நம்பர்_3: என் கதை ஜிப்ல எழுதியிருந்த நம்பர். 30 டன்னு பாத்துட்டு 30 டன் சரக்கு அள்ளலாம்னு போர்மேன்ட்ட சொல்லிட்டேன். கிராப்போட சொந்த வெயிட்டும் அதுலதான் சேரும், அதுலயும் கிராப் வேலைன்னா எங்க கப்பல்ல 24 டன்தான். சின்ன எழுத்துல கீழயே எழுதியிருந்துச்சு, நான்தான் பாக்கல.