வேலைக்காக ஊர் மாறுகிறவர் அந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் இரண்டு நகரங்களில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதலாவது, அண்மையில் திட்டமிட்டுக் கட்டிய அலுவலக வளாகம். அகன்ற சாலை, புல்வெளி, உடற்பயிற்சிக் கூடம், அருகிலேயே அடுக்குமாடிக் குடியிருப்பு என எதற்கும் குறைவில்லை. இரண்டாவது, வீடும் கடையும் பட்டறையும் பள்ளியும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பழைய பகுதி. இரண்டையும் நேரில் போய்ப் பார்த்தேன். வளாகத்தில் மாலை ஏழு மணிக்கு, கண்ணெதிரே தெரிந்த மருந்துக்கடைக்குப் போகச் சாலையைக் கடக்க வழி தேடியே கால் மணி நேரம் கழிந்தது. காவலாளி ஒருவரைத் தவிர வழியில் யாரையும் காணவில்லை. பழைய பகுதியில் இரைச்சலும் புழுதியும் இருந்தும் அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை. இது வெறும் மனமயக்கமா, அல்லது ஓர் இடம் நம்மை ஈர்ப்பதற்குச் சொல்லத்தக்க காரணங்கள் உண்டா?

மறுமொழி 1

மயக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். நகரமைப்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏழு மணிக்கு ஆளில்லாமல் இருந்தது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே வகைப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போய்விடுவதால், மீதி நேரத்தில் கடைக்காரருக்குப் பிழைப்பும் இல்லை, நடப்பவருக்குத் துணையும் இல்லை. நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே இதை வாதிட்டார். பலவகைப் பயன்பாடுகள், அடிக்கடி திரும்ப வழிவிடும் சிறிய தெருக்கள், வெவ்வேறு வயதுடைய கட்டடங்கள், போதிய மக்கள் நெருக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் தெருவுக்கு உயிர் வரும் என்பது அவர் கருத்து. இவற்றில் பழைய கட்டடத்தைப் பலரும் அழகுக்காகச் சொன்னதாக எண்ணிக்கொள்கிறார்கள். அவர் சொன்னது வாடகையைப் பற்றி: புதுக் கட்டடத்தின் வாடகையைத் தாங்க முடியாத சிறுதொழில் வேர்பிடிக்கப் பழைய கட்டடம்தான் இடம் தருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வில்லியம் ஒயிட் என்பவர் 1970-களில் நியூயார்க்கின் திறந்தவெளிகளைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, மக்கள் கூடும் இடங்களுக்கும் வெறிச்சோடிய இடங்களுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு உட்கார வசதி இருக்கிறதா என்பதுதான் என்று கண்டார். நகர்த்தக்கூடிய நாற்காலியைப் போட்டால், உட்காருவதற்கு முன் அதைச் சில அங்குலமாவது இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பல வேளைகளில் அதனால் ஒரு பயனும் இராது. அந்தச் சிறு உரிமை இருக்கும் இடத்தில் மனிதர் தங்குகிறார். உங்கள் வளாகத்துப் புல்வெளியில் உட்கார அனுமதி உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.

மறுமொழி 2

முன்னவர் தெருவின் சிறப்பைச் சொன்னார். அதே தெருவில் வண்டிகள் பெருகினால் என்னவாகும் என்பதையும் சேர்க்க வேண்டும். நகரமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோலிருந்த மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் ஓடும் தெருவில் குடியிருந்தவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் ஓடும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9 தான். உங்கள் எல்லை எதுவரை என்று கேட்டு வரைபடத்தில் குறிக்கச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையும் வளைத்தார்கள். நெரிசல் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எனவே நீங்கள் குடியேறப் போகும் வீடு எந்தத் தெருவை நோக்கியிருக்கிறது என்பது, அந்தப் பகுதியின் பெயரைவிட முக்கியம்.

சாளரத்தையும் பார்த்துவிடுங்கள். ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மரங்கள் தெரியும் அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரியும் அறையில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். நாள் முழுதும் மேசையில் உட்காரும் நமக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

மறுமொழி 3

இங்கே யாரும் வாடகை உயர்வைத் தொடவில்லை. ஓர் இடம் எல்லோருக்கும் பிடித்துப்போனால், அதைப் பிடிக்கும்படி ஆக்கியவர்களே முதலில் வெளியேற நேர்கிறது. மேலே சொன்ன பட்டறையும் சிறுகடையும் காலியாகும்போது, எதற்காக வந்தோமோ அதுவும் போய்விடுகிறது. நான் முன்பு குடியிருந்த தெருவில் இதைக் கண்ணாரப் பார்த்தேன்: தையல் கடைக்காரர் கடையைக் கட்டினார், அடுத்த ஆண்டு நானும் வீட்டைக் காலி செய்தேன். இதைத் தடுக்கவும் வழி உண்டு: ஆஸ்திரியாவின் வியன்னா நகராட்சி 1923-க்கும் 1934-க்கும் இடையில் 60,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டி வாடகைக்கு விட்டது. இன்றும் அந்நகரத்தவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ வாழ்கிறார்கள். அப்படியொரு ஏற்பாடு இல்லாத நகரத்தில், குத்தகை எத்தனை ஆண்டுக்கு, வாடகையை எப்போது ஏற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. புல்வெளியில் உட்காரக் கூடாது என்று அங்கே பலகையே வைத்திருந்தார்கள். படித்தும் அப்போது உறைக்கவில்லை. பழைய பகுதியில் நான் பார்த்த வீடு பேருந்து செல்லும் சாலையை ஒட்டியது என்பதால், உள்தெருவில் வேறு வீடு தேடச் சொல்லியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் நேரத்தில், அங்கிருந்து அலுவலகம்வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.