பதில் சொன்னேன், அழுகிறவரை விசாரிக்கவில்லை

இயேசுவின் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிறரிடம் பேசிய அனுபவங்களைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கும் கதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

என்னோடு வேலை செய்யும் பெண் ஒருவர், தாயை இழந்து சில நாட்களிலேயே அலுவலகம் திரும்பியிருந்தார். கிறிஸ்தவர் அல்ல. மதிய இடைவேளையில், "செத்தவர் எழுந்தார் என்பதை மெய்யாகவே நம்புகிறீர்களா அக்கா?" என்றார். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருடம் வாலிபர் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன்! காலியான கல்லறை, காவல் நின்ற சேவகர்கள், ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே வேளையில் அவரைக் கண்டதாக 1 கொரிந்தியர் 15இல் அப்போஸ்தலன் பவுல் சொல்வது, அவர்களில் அநேகர் அப்போதும் உயிரோடிருந்தது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அக்கா. எங்கள் அம்மாவுக்கு இதனால் என்ன?" என்றார்.

எனக்கு நா எழவில்லை.

அன்றிரவு யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். மகதலேனா மரியாள் கல்லறையருகே நின்று அழுகிறாள். உயிர்த்தெழுந்தவரே எதிரில் நிற்கிறார். அவளோ தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவர் ஆதாரம் எதையும் எடுத்து வைக்கவில்லை. ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய் என்று விசாரிக்கிறார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். நானோ அழுகிறவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன்.

மறுநாள், "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்றேன். இடைவேளை முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார். அன்று நான் பிரசங்கிக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அவரே, "அன்று கேட்டேனே, பதில் வரவில்லையே" என்றார். இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு கண்ணீர் விட்டதைச் சொன்னேன். சற்று நேரத்தில் அவரை உயிரோடு எழுப்பப் போகிறவர் ஏன் அழவேண்டும்? சாவு அவருக்கும் வலித்தது. பவுல் அதைக் கடைசிச் சத்துரு என்றே சொல்கிறார், அழிக்கப்படப் போகும் சத்துரு. தோழி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் 'எல்லோரும் ஒருநாள் போகவேண்டியவர்கள்தானே' என்றார்கள். பகை என்று யாரும் சொல்லவில்லை" என்றார்.

அவர் ஞானஸ்நானம் பெற்றாரா என்று கேட்காதீர்கள். பெறவில்லை. இன்னும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

* * *

சகோதரிக்கு வணக்கம். நான் மறுகரையில் இருந்தவன். மனைவி விசுவாசி; நான் அவரை ஆலய வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். தொழில், அச்சகத்தில் பிழை திருத்துவது. ஓய்வுபெற்ற பின் பொழுதுபோகாமல் நான்கு சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களை அருகருகே வைத்து, பழைய பழக்கத்தில், பிழை தேடினேன்.

கிடைத்தது! கல்லறைக்குப் போனவர்களாக மத்தேயு இருவரைச் சொல்கிறார். மாற்கு மூவர். லூக்கா இன்னும் பலர். யோவான் பெயர் சொல்வது மகதலேனாவை மட்டும். என்னிடம் வந்திருந்தால் ஒரே நாளில் சரிசெய்து கொடுத்திருப்பேன். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நான்கையும் சேர்த்துத் தைத்து ஒரே நூலாக்கவும் செய்தார். சிரிய சபைகளில் அது நெடுங்காலம் வழங்கியது. இருந்தும் நான்கும் நான்காகவே நிலைத்தன. கூடிப் பேசிப் பொய் சொல்பவர்கள் முதலில் கணக்கை நேர் செய்வார்கள். அதைவிட, மாற்கு 16:8. பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயந்து ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சீனாய், வத்திக்கான் என்னும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சுவிசேஷம் அதோடு முடிந்துவிடுகிறது. ஒரு மதத்தை விற்க நினைப்பவன் இப்படியா முடிப்பான்?

மனைவி என்னிடம் ஒருபோதும் வாதாடியதில்லை. வாதாடியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

* * *

எனக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம். ஊழியம் செய்ய வருகிறவர்களின் கண் முதலில் என் காலுக்குப் போகும், பிறகுதான் முகத்துக்கு. "பரலோகத்தில் துள்ளி ஓடுவீர்கள்" என்பார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இப்போதிருக்கும் நான் ஏதோ கரட்டு வரைவு போல!

ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆணித் தழும்பைப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷன் தோமாவின் கதை அன்று. ஒரு சிறுமி எழுந்து, "புது உடம்புதானே சார்? ஆணித் தழும்பை ஏன் விட்டுவைத்தார்?" என்றாள். பாடப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. இன்னொரு பையன் முந்திக்கொண்டு, "இல்லாவிட்டால் தோமாவுக்கு எப்படி அடையாளம் தெரியும்?" என்றான்.

அதற்குமேல் நான் பாடம் நடத்தவில்லை. லூக்கா 24இல் உயிர்த்தெழுந்த இயேசு சீஷர் முன்னால் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்ட இடத்தை மட்டும் வாசித்துவிட்டுப் பிள்ளைகளை விளையாட அனுப்பினேன். ஆவியாகத் தப்பிப் போகவில்லை. தழும்போடு வந்து, பசியாறினார். என் காலைப் பற்றி இனி யாராவது ஆறுதல் சொன்னால் அந்தச் சிறுமியிடம் அனுப்பிவைப்பதாக இருக்கிறேன்.

* * *

முதலில் எழுதியவள்தான். பிழை திருத்தும் ஐயாவின் பதிவைத் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். மாற்கின் கடைசி வரியில் நிறுத்தச் சொன்னார். "ஒருவரிடமும் சொல்லவில்லையா? அப்படியானால் உங்கள் வரைக்கும் எப்படி வந்தது அக்கா?" என்றார். மணி அடித்துவிட்டது. நாளை மதியம் அங்கிருந்து தொடங்கவேண்டும்.