சென்னை–லண்டன்: ஆறு மணி நேரமா, பத்தரை மணி நேரமா?

அம்மாபேட்டை பாட்டி:
ஜூலையில் லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். சென்னையில் காலை 5.30-க்கு ஏறினால் அங்கே காலை 11.30-க்கு இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஆறே மணி நேரமா? சேலத்திலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகவே ஏறக்குறைய அவ்வளவு ஆகிறதே! திரும்பும்போது மதியம் 1 மணிக்கு ஏறினால் மறுநாள் விடியற்காலை 3.30 என்கிறார்கள். என் முழங்கால் எதை நம்புவது?

ஓமலூர்க்காரன்:
இரண்டும் அந்தந்த ஊர் நேரம், அம்மா. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆக, போகப் பத்தரை, வரப் பத்து மணி நேரம். தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பலமாக வீசுகிறது. வரும்போது அது விமானத்தைத் தள்ளிக்கொடுக்கும்.

ஏற்காடு அடிவாரம்:
நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள். சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவு செய்யலாம்.

அம்மாபேட்டை பாட்டி:
நாற்காலி எல்லாம் வேண்டாம், நடப்பேன். மாம்பழம், நெய் கொண்டுபோகலாமா?

ஓமலூர்க்காரன்:
நெய்க்கு அங்கே தடை. மாம்பழத்துக்கு என்ன விதி என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி வடாம் எடுத்துச் செல்லுங்கள்.