யாழ்ப்பாணத்தில் ஆறு நாள், அம்மாவோடு: தெரியாமல் என்ன செய்துவிடக் கூடாது?

காவிரிக்கரை:

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். ஆடி முடிகிற நேரத்தில் நானும் அம்மாவும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி காங்கேசன்துறையில் இறங்கப் போகிறோம். யாழ்ப்பாணத்தில் ஆறு நாள். கோண்டாவிலில் அம்மாவின் பழைய தோழி வீடு இருக்கிறது, அகதியாக வந்து பத்து வருஷம் எங்கள் தெருவில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர். ஹோட்டலில் தங்கினால் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்கிறார், அதனால் அவர் வீட்டில்தான். விசா, டிக்கெட் எல்லாம் ஆயிற்று, அதைக் கேட்கவில்லை. அதே தமிழ், அதே முருகன், இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டில் ஆறு நாள் இருக்கப் போகிறோம், ஏதாவது ஏடாகூடமாகச் செய்து வைக்கக் கூடாதே. கோயிலுக்கு என்ன உடுத்துவது, வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது, பஸ்ஸில் போகலாமா, நெடுந்தீவு போய்வர முடியுமா? நாங்கள் இருவரும் சுத்த சைவம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு.

சந்திக்கடை:

தம்பி, அதே தமிழ் என்பதில்தான் கால் வழுக்கும். இங்கே வயதானவர்கள் "நீங்கள் சைவமோ" என்று கேட்டால் சாப்பாட்டைக் கேட்கவில்லை, சமயத்தைக் கேட்கிறார்கள், சைவமா வேதமா என்று (வேதம் என்றால் கிறிஸ்தவம்). நீங்கள் ஆமாம் என்று தலையாட்டுவீர்கள், நல்ல சைவப் பிள்ளை என்று சந்தோஷப்பட்டு மீன்குழம்பு ஊற்றுவார்கள். கடைப் பலகையில் "சைவ உணவகம்" என்று இருந்தால் அது உங்கள் சைவம்தான், அங்கே குழப்பம் இல்லை. ஆட்களிடம் மட்டும் "மச்சம் சாப்பிடுவதில்லை, மரக்கறிதான்" என்று சொல்லிவிடுங்கள். மச்சம் என்றால் மீன், இறைச்சி. மரக்கறி என்றால் காய்கறி. கறி என்ற சொல்லைக் கேட்டுப் பதற வேண்டாம், எங்களுக்குக் கத்தரிக்காயும் கறிதான், பூசணிக்காயும் கறிதான்.

அடுத்தது, பேசுவது. இங்கே "பேசினார்" என்றால் ஏசினார், திட்டினார் என்று பொருள். இரண்டு வருஷத்துக்கு முன் திருச்சியிலிருந்து ஒரு பெடியன் எங்கள் வீட்டில் வந்து நின்றான். காலையில் என் அம்மாவிடம் போய், "நேத்து ராத்திரி அக்கா எங்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். அம்மா நேரே குசினிக்குள் போய் என் மனைவியிடம், "வந்த பிள்ளையை ஏன் பேசினனீ?" பிறகு அந்த வீட்டில் அரை நாள் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. ஆகவே கதைப்பது என்று சொல்லிப் பழகுங்கள். ஆமாம் என்பதற்கு ஓம். கச்சான் என்றால் வேர்க்கடலை, அதே பெயரில் ஒரு காற்றும் உண்டு. "ரயர் கடை" என்று பலகை பார்த்தால் அது டயர் கடை, ஆங்கில டகரத்தை நாங்கள் ரகரம் போட்டு எழுதுவோம்.

கோயிலுக்கு வருவோம். ஆடி அமாவாசை கழித்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறும், 25 நாள் திருவிழா, 24-ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் வருகிறீர்கள் போலிருக்கிறது, அதனால் நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், எந்தப் பெரிய மனிதராக இருந்தாலும் அதே சட்டம். வேட்டி நல்லது. அம்மாவுக்குச் சேலை. உள்ளே படம் எடுக்காதீர்கள். நல்லூரில் நேரம் என்றால் நேரம், பூசை மணி ஒரு நிமிடம் தவறாது, ஆறுதலாக (மெதுவாக) போகலாம் என்று நினைத்தால் வாசலில் நிற்பீர்கள். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், பிழையாகக் கேட்டுவிட்டோமோ என்று திரும்பக் கேட்க வேண்டாம். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றி வீதியை மறித்துவிடுவார்கள், வாகனம் கிட்டப் போகாது, முழங்கால் வலிக்காரருக்கு நடக்க வேண்டிவரும். தேருக்கு முதல் நாள் சப்பரத் திருவிழா, அன்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள், சாதாரண நாள் காலைப் பூசையே போதும்.

பஸ்: தாராளமாகப் போகலாம். சிவப்பு நிற அரசு பஸ், மற்றது மினிபஸ். முன் சீட்டில் "மதகுருமாருக்கு" என்று எழுதியிருக்கும், இருந்துவிட்டீர்களானால் ஒரு பிக்குவோ பாதிரியாரோ ஏறியதும் எழும்பிவிடுங்கள். இறங்க வேண்டிய இடத்தில் "இறக்கம்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வாடைக்காற்று:

நெடுந்தீவு பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பிறந்த ஊர். இந்தமுறை வேண்டாம். ஆடி, ஆவணி சோளகக் காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும், குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். படகில் கீழ்த்தட்டில்தான் இடம் கிடைக்கும், டீசல் வாடையும் ஆட்டமும் சேர்ந்தால் இருபது வயதுக்காரனுக்கே வயிற்றைப் பிரட்டும். குதிரையும் பெருக்கமரமும் பவளக்கல் மதிலும் எங்கேயும் ஓடிவிடாது, மாசி பங்குனியில் தனியாக வாருங்கள்.

பதிலாக நயினாதீவு போங்கள். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் 776 எடுத்தால் குறிகட்டுவான், பண்ணைப் பாலம் தொடங்கி இரண்டு பக்கமும் ஆழமில்லாக் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கிருந்து படகு கால் மணி, இருபது நிமிடம். நாகபூசணி அம்மன் கோயிலில் மத்தியானம் அன்னதானம் உண்டு, விருந்தாளி என்று கூச்சப்படாமல் இருந்து சாப்பிடுங்கள். அதே தீவில் கொஞ்சம் தள்ளி நாகதீப விகாரை. ஏறும்போதும் இறங்கும்போதும் அம்மாவின் கையைப் படகுக்காரர் பிடித்துவிடுவார், கேட்கக்கூடத் தேவையில்லை.

சந்திக்கடை:

அண்ணை சொல்வது சரி, ஆனால் சோளகத்திலும் நெடுந்தீவுக்கு ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வாடைக்காற்று:

போகிறார்கள். சத்தியும் எடுக்கிறார்கள்.

காவிரிக்கரை:

நெடுந்தீவை விட்டுவிட்டேன். இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. "பேசினாங்க" கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்தத் தோழி இங்கே வந்த புதிதில் தெருக்குழாயடியில் யாரோ "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றதற்கு அழுதுவிட்டாராம், அதற்குக் காரணம் இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது என்றார். வீட்டு விஷயம் யாராவது சொல்லுங்கள். என்ன வாங்கிப் போவது, எப்படி நடந்துகொள்வது?

கிணற்றடி:

வீட்டு விஷயம் என்றால் நான் வரலாம் என்று நினைக்கிறேன், இருபாலையில் இருக்கிறேன், கோண்டாவிலுக்குப் பக்கம்தான்.

முகவரி கேட்டால் வீட்டிலக்கம் சொல்ல மாட்டார்கள். இந்தச் சந்தியில் இறங்கி, அந்த வைரவர் கோயிலுக்கு எதிர் ஒழுங்கையால் வந்து, நீலப் படலை என்பார்கள். படலை என்றால் வாசல் கேட். திறந்திருந்தாலும் நேரே உள்ளே நடக்காதீர்கள், வெளியில் நின்று "வீட்டுக்காரர், வீட்டுக்காரர்" என்று கூப்பிடுங்கள். முதலில் நாய் வரும், பின்னால் ஆள் வரும். தெரிந்த வீடு என்றாலும் முதல் நாள் அப்படித்தான். செருப்பு வெளியே. வந்து இருந்ததும் தேத்தண்ணி வரும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள், இரண்டு மிடறாவது குடியுங்கள். உங்கள் ஊர் டம்ளர் அளவு இராது, பெரிய கப் நிறைய வரும், பிளேன்ரீ என்றால் பால் இல்லாதது. பழைய ஆட்கள் வீட்டில் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி ஒரு துண்டு கையில் தருவார்கள், அதை உள்ளே போட்டுக் கலக்காமல் கடித்துக் கடித்துக் குடிப்பது.

வாங்கிப் போக: தேன்குழல், அதிரசம் மாதிரி வீட்டில் செய்தது இருந்தால் கடைப் பெட்டியை விட மதிப்பு. அந்த அம்மா கும்பகோணத்தில் பத்து வருஷம் இருந்தவர் என்கிறீர்கள், அங்கே அவர் விரும்பிக் குடித்த காப்பித்தூள் கொண்டுபோங்கள், வேறெதுவும் வேண்டாம். காசு மட்டும் கொடுக்க நினைக்காதீர்கள். திரும்பும்போது அவர் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), பனாட்டு (உலர்த்திய பனம்பழக் களி), மிளகாய்த்தூள் என்று கட்டித் தருவார், பெட்டியில் இடம் விட்டு வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. செவ்வாய், வெள்ளியில் பல வீடுகளில் மரக்கறிதான், நல்லூர்த் திருவிழா நடக்கும்போது கொடியேறி இறங்கும்வரை மச்சம் தொடாத வீடுகள் நிறைய. பிட்டு, இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. கவனமாக இருக்க வேண்டியது வெளியில், பேக்கரியில். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ரோல்ஸ், கட்லட், மாலு பாண் (மாலு என்றால் சிங்களத்தில் மீன்) எல்லாம் பார்க்க உருளைக்கிழங்கு போலவே இருக்கும், கடித்தால் உள்ளே மீன். கட்டைச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்திருப்பார்கள். கூழ் தருகிறேன் என்று யாராவது அன்போடு சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒடியற்கூழில் நண்டும் இறாலும்தான் உயிர். தண்ணீர் சுண்ணக்கல் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி முறுகிக்கொண்டு நிற்கும். குடிக்க மட்டும் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரோ போத்தலோ.

இன்னொன்று, இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அங்கேயிருந்து வருகிற பலர் வந்து இருந்த முதல் பத்து நிமிடத்திலேயே சண்டைக் காலத்தில் என்ன நடந்தது என்று தொடங்கிவிடுகிறார்கள், ஆவலில்தான், கெட்ட எண்ணத்தில் இல்லை. சுவரில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கும், பதினெட்டு இருபது வயதுப் பிள்ளையினுடையதாக. யார் என்று நீங்கள் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நடுவில் உங்கள் கருத்தைச் சொல்லாமல் கேளுங்கள். என் மாமி ஒருத்தி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். முகாம், சோதனைச்சாவடி, சீருடைக்காரர் இருக்கும் பக்கம் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள், அதுவும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஏ9 பயணி:

நான் வவுனியா. அநுராதபுரம் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இதைப் படியுங்கள். விகாரைக்குத் தோளும் முழங்காலும் மூடிய வெளிர் நிற உடுப்பு, தொப்பியும் செருப்பும் வெளியே, வெயிலில் கல் சுடும், காலுறை அனுமதிப்பார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கவே கூடாது. கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பெண்ணை 2014-இல் விமான நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள், அவ்வளவுக்குப் பாரதூரம். பௌர்ணமி நாள் போயா, நாடு முழுக்க விடுமுறை, மதுக்கடை திறக்காது. உங்களுக்கு அது கவலையில்லை என்று நினைக்கிறேன், ஆனால் பல அலுவலகங்கள் பூட்டு, பஸ்ஸில் நெரிசல்.

ஆட்டோ ஏறுமுன் கூலியைக் கேட்டுவிடுங்கள். போன மாதம் என்னையே, இந்த ஊர்க்காரனையே, ஒருவர் நிலையத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய் இரண்டு மடங்கு வாங்கினார். பிக்மி (போனில் ஆட்டோ கூப்பிடும் செயலி) யாழ்ப்பாணத்திலும் வேலை செய்கிறது. ஒரு இந்திய ரூபாய்க்கு எங்கள் காசு மூன்று ரூபாய்க்கு மேல் வரும், விலை கேட்டதும் மயக்கம் போடாமல் மனதுக்குள் வகுத்துப் பாருங்கள்.

சந்திக்கடை:

விட்டுப்போனது: நூலகம் பார்க்கப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே. 1981-இல் எரித்ததைத் திருப்பிக் கட்டியது, எங்களுக்கு அதுவும் கோயில் கணக்கு. வெயில் தாழ்ந்த பிறகு நல்லூரடியில் ஐஸ்கிரீம் கடைக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள், பெரிய கண்ணாடிக் கோப்பையில் ஜெலி, பழம் எல்லாம் போட்டு வரும், இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

காவிரிக்கரை:

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார். கீரிமலையில் பெண்கள் குளிக்க முடியுமா? தோழி அடிக்கடி சொல்லும் இடமாம்.

கிணற்றடி:

ஓம், பெண்களுக்குத் தனிக் கேணி மதில் கட்டி இருக்கிறது. கடல் பக்கத்திலேயே, ஆனால் நல்ல தண்ணீர். படி பாசி பிடித்து வழுக்கும், தோழியின் கையைப் பிடித்து மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். காலை வெயில் ஏறுமுன் போனால் ஆள் குறைவு. ஒரு நீளப் பாவாடையும் துவாயும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.