சர்வரை இரண்டாக்கியதும் கூடை காணாமல் போகிறது, லாகின் நிற்கவில்லை

நெல்லைக்காற்று:
வணக்கம். ஒரு புத்தக விற்பனைத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிஎச்பி, ஃப்ரேம்வொர்க் எதுவும் கிடையாது. கூட்டம் கூடியதால் இன்னொரு சர்வர் சேர்த்து, வருகிறவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்ப முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்தோம். அதிலிருந்து கூடையில் போட்ட புத்தகம் ரிஃப்ரெஷ் செய்தால் காணோம், இன்னொரு முறை செய்தால் திரும்ப வருகிறது. ஒரே ஐபி முகவரியிலிருந்து வருகிறவரை ஒரே சர்வருக்கு அனுப்பும் ஐபி ஹேஷ் போட்டேன். ஆபீஸில் சரியாகிவிட்டது, மொபைலில் வருகிறவர்களுக்கு அதே தொல்லை. என்ன செய்யலாம்?

இரவுப்பணி:
செஷன் ஃபைல் (ஒருவரின் லாகின், கூடை விவரம்) அந்தந்த சர்வரின் டிஸ்க்கில் இருக்கிறது, அதுதான் காரணம். என்ஜின்எக்ஸுக்குப் பதில் ஹெச்ஏபிராக்ஸிக்கு மாறி, குக்கீ வைத்து ஸ்டிக்கி செஷன் போட்டுவிடுங்கள். எந்த சர்வரில் ஆரம்பித்தாரோ அங்கேயே போவார். கோடில் கை வைக்க வேண்டாம்.

பழைய_அட்மின்:
இரவுப்பணி சொன்னது உடனடி நிவாரணம். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு சர்வர் விழுந்தால், அதில் ஒட்டியிருந்த அத்தனை பேரும் லாகினை இழப்பார்கள். அப்புறம் எதற்கு இரண்டு சர்வர்?

மொபைலில் நடப்பது இதுதான்: வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறினால் ஐபி மாறும், ஹேஷ் மாறும், சர்வரும் மாறலாம். புது சர்வருக்கும் அதே செஷன் ஐடிதான் போகிறது. தனக்குத் தெரியாத ஐடியை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாவிட்டால் பிஎச்பி அதை அப்படியே ஏற்று, அதே பெயரில் வெற்று செஷன் திறந்துவிடும். ஐபி ஹேஷுக்கு முன், சர்வர்களுக்கு மாறி மாறி அனுப்பும் ரவுண்ட் ராபினில் உங்கள் கூடை போய்ப் போய் வந்ததும் இதனால்தான். ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தால் புது ஐடி கொடுத்துவிடும், பழைய கூடை திரும்பவே வராது.

செஷனை ரெடிஸுக்கு (மெமரியில் தகவல் வைக்கும் தனி ஸ்டோர்) மாற்றுங்கள். பிஎச்பியின் ஐஎன்ஐ அமைப்புக் கோப்பில் இரண்டு வரி: சேவ் ஹேண்ட்லர் (எதில் சேமிப்பது), சேவ் பாத் (அது எங்கே இருக்கிறது). இரண்டு சர்வரும் ஒரே ரெடிஸைப் பார்க்கட்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஃபைலில் செஷன் இருந்தவரை பிஎச்பி அதைப் பூட்டிவைத்து, ஒரு ரிக்வெஸ்ட் முடிந்த பிறகே அடுத்ததை விடும். பிஎச்பியை ரெடிஸுடன் இணைக்கும் பிஎச்பிரெடிஸில் அந்தப் பூட்டு தானாக வராது. வாசகர் இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து சட்டென்று அழுத்தினால், இரண்டு ரிக்வெஸ்டும் பழைய கூடையையே படிக்கும். ஒவ்வொன்றும் தன் புத்தகத்தைச் சேர்த்து எழுதும், கடைசியாக எழுதியதே நிற்கும். ஒரு புத்தகம் போச்சு. எர்ரர் லாகிலும் எதுவும் இருக்காது. ரெடிஸ் செஷன் லாக்கிங்கை நீங்களே ஆன் செய்ய வேண்டும்.

செஷனின் ஆயுளையும் பாருங்கள். பிஎச்பியின் இயல்பு அளவு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ரெடிஸ் அதைக் கறாராகப் பின்பற்றும். புத்தகம் தேடுகிறவர் சாவகாசமாகத்தான் பார்ப்பார், கூட்டி வையுங்கள். பக்கங்களை கேஷ் செய்யும் ரெடிஸிலேயே செஷனையும் போடாதீர்கள். மெமரி நிரம்பியதும் எதையும் தூக்கி எறியச் சொல்லி அமைத்திருந்தால் லாகினும் சேர்ந்து போகும்.

இன்னொன்று, இது என் உறுதியான கருத்து. கூடை செஷனில் இருக்கவே கூடாது. அது வாடிக்கையாளரின் பொருள், டேட்டாபேஸில் இருக்கட்டும். செஷனில் அவர் யார் என்பது மட்டும் போதும்.

நெல்லைக்காற்று:
மிக்க நன்றி சார். ரெடிஸே இல்லாமல், லாகின் விவரத்தைக் கையொப்பமிட்டுப் பயனரிடமே தரும் ஜேடபிள்யூடி டோக்கன் கொடுத்தால் போதும் என்று நண்பர் சொல்கிறார். சரிவருமா?

பழைய_அட்மின்:
வரும், ஆனால் ஒருவர் பாஸ்வேர்டு மாற்றியதும் திருடன் கையிலிருக்கும் டோக்கனை எப்படி நிறுத்துவீர்கள்? காலாவதி ஆகும்வரை அது செல்லும். தடைப்பட்டியல் வைக்கலாம், அதற்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும். கடைசியில் ரெடிஸுக்கே வருவீர்கள்.

மாற்றியதும் ஐபி ஹேஷை எடுத்துவிட்டு, லாகின் செய்த நிலையில் ஒரு சர்வரை நிறுத்திப் பாருங்கள். கூடையில் புத்தகம் சேர்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். பிறகு அதை ஏற்றி, மற்றதை நிறுத்துங்கள். மாற்றும்போது பழைய செஷன்கள் போய்விடும், எல்லாரும் ஒருமுறை லாகின் செய்ய வேண்டியிருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.