ஸ்டாஃப் கூட ரோஸா வருது, எங்க தப்பு பண்ணுதேன்?

வீரவநல்லூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீசியன் படிப்பு) முதல் வருசம் படிக்கேன். அடுத்த வாரம் பிராக்டிகல். கிராம் ஸ்டெயின்னா பாக்டீரியாவைச் சாயம் ஏத்திப் பிரிக்குத சோதனை, ஊதா நின்னா கிராம் பாசிட்டிவ், ரோஸா வந்தா கிராம் நெகட்டிவ். அதைப் போட்டா எனக்கு மட்டும் எல்லாமே ரோஸ் கலர்ல வருது. மேடம் குடுத்தது ஸ்டாஃபைலோகாக்கஸ் (சுருக்கமா ஸ்டாஃப்), கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா, ஊதாவாத்தான் வரணும். உருண்டை உருண்டையா, குலை குலையா நல்லாத் தெரியுது, நிறம்தான் தப்பு. மூணு ஸ்லைடு போட்டுப் பாத்துட்டேன். ஊதாச் சாயம் கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிசம், அயோடின் ஒரு நிமிசம், சாயத்தைக் கழுவுத ஸ்பிரிட் ஒரு நிமிசம், ரோஸ் சாயம் சாஃப்ரனின் ஒரு நிமிசம்.
இன்னொண்ணு. 'செல் சுவர் தடிமனா இருந்தா சாயம் நிக்கும்'னு நோட்ஸ்ல ஒரே வரி. தடியா இருந்தா ஏன் நிக்கணும்? வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) கேட்டா முழிக்கத்தான் செய்யணும்.

கல்லிடை அக்கா:
ஏ தம்பி, ஸ்பிரிட்ட ஒரு நிமிசமா விட்ட? அதுல ஸ்டாஃப் என்ன, எதுவும் நிக்காது. மத்த மூணும் நிமிசக் கணக்கு, இது மட்டும் மூச்சுக் கணக்கு. ஸ்லைடைச் சாய்ச்சுப் பிடிச்சு சொட்டுச் சொட்டா விடு. ஊதா வடியுறது நின்னு தெளிஞ்ச சொட்டு விழுந்த உடனே தண்ணியில கழுவிரு. பத்துப் பதினஞ்சு செகண்டுதான் ஆகும். அசிட்டோன்னா ரெண்டு மூணு செகண்டே சாஸ்தி.

அப்புறம், அந்த பாக்டீரியா வளத்த பிளேட் என்னைக்குப் போட்டது? வெள்ளிக்கிழமை போட்டு திங்கக்கிழமை எடுத்ததுன்னா அதுவும் ஒரு காரணம். கிழடு தட்டின செல்லுக்குச் சுவர் நைஞ்சு போயிரும், கிராம் பாசிட்டிவே நெகட்டிவ் மாதிரி காட்டும். 18லருந்து 24 மணி நேரத்துக்குள்ள உள்ள காலனியை எடு.

இனி சுவர் கதை. நீ தினமும் பஸ்ஸுல பத்தமடையைத் தாண்டித்தான போற? அங்க பாய் நெய்யுததைப் பாத்திருப்ப. நூல் பாவு, கோரை ஊடு. பாக்டீரியா சுவரும் அந்த மாதிரி நெசவுதான், பெப்டிடோகிளைக்கான்னு பேரு. ரெண்டு வகை சர்க்கரை மாறி மாறிக் கோத்த இழைதான் பாவு. அதைக் குறுக்கால இழுத்துக் கட்டுத சின்னச் சின்ன அமினோ அமிலத் துண்டுதான் ஊடு. கிராம் பாசிட்டிவ்ல இந்தப் பாயை அடுக்கடுக்கா போட்டிருக்கும், 20லருந்து 80 நானோமீட்டர் வரை கனம். கிராம் நெகட்டிவ்ல ஒரு பாயோ ரெண்டு பாயோதான், 10 நானோமீட்டர்கூட வராது. ஆனா அதுக்கு மேல கொழுப்புல ஒரு வெளிச்சவ்வு போத்தியிருக்கும்.

கிரிஸ்டல் வயலட் ரெண்டுக்குள்ளயும் போயிரும். அயோடின் உள்ள போய் அதோட சேந்து பெரிய கட்டியா ஆயிருது. ஸ்பிரிட் வரும்போதுதான் பரீட்சை. நெகட்டிவ்ல ஸ்பிரிட் அந்தக் கொழுப்பைக் கரைச்சிரும், மெல்லிசுப் பாய் வழியா சாயம் வெளிய வந்திரும். பாசிட்டிவ்ல கரைக்கதுக்கு வெளிச்சவ்வே கிடையாது. ஸ்பிரிட் பாயில உள்ள ஈரத்தை இழுத்துரும், இடுக்கெல்லாம் சுருங்கிரும், கட்டி உள்ளயே மாட்டிக்கிடும். ஆனா சுருங்கின இடுக்கும் ரொம்ப நேரம் தாங்காது. நீ ஒரு நிமிசம் விட்டது அங்கதான் இடிச்சிருக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் இதே கூத்து அடிச்சிருக்கேன். ஒரு சீழ்க்கட்டி ஸ்மியர், 'கிராம் நெகட்டிவ் காக்கை, குலையாக'ன்னு எழுதிக் குடுத்துட்டேன் (காக்கைன்னா cocci, உருண்டைக் கிருமி). டாக்டர் மாடி இறங்கி வந்து, "நெகட்டிவ் காக்கைன்னா ஜோடி ஜோடியால்லா இருக்கும், குலை எப்படிம்மா வரும்?"னு மட்டும் கேட்டாவ. திருப்பிப் போட்டேன், ஊதா. அன்னைலருந்து எந்த ஸ்லைடு போட்டாலும் ஓரத்துல தெரிஞ்ச ஸ்டாஃப் ஒரு பொட்டு, ஈ.கோலை ஒரு பொட்டு வைக்காம விடமாட்டேன். ஸ்டாஃப் ஊதாவா, ஈ.கோலை ரோஸா வந்தாத்தான் நடுவுல உள்ளதை நம்புவேன்.

தென்காசி வாத்தியார்:
அக்கா சொன்ன பாயிலேயே இன்னும் கொஞ்சம் நெய்யலாம். பெனிசிலின் கட்டின பாயைக் கிழிப்பதில்லை. ஊடு கட்டும் நொதியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. வளரும் பாக்டீரியா கட்டில்லாத சுவரோடு ஊதி வெடிக்கிறது. நம் கண்ணீரில் உள்ள லைசோசைம் பாவு இழையையே வெட்டுகிறது. லைசோசைமைக் கண்டு 1922இல் எழுதியதும் 1928இல் பெனிசிலினைக் கண்டதும் ஒரே ஆள்தான், ஃபிளெமிங். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது, அதனிடம் பெனிசிலின் பலிக்காது. காசநோய்க் கிருமியின் சுவரில் மைக்கோலிக் அமிலம் மெழுகாகப் படிந்திருப்பதால் கிராம் சாயம் சரியாக ஏறாது. அதற்கு ஜீல்-நீல்சன் என்ற வேறு சாய முறை.

கிராம் என்பது ஆள் பெயர். அவர் 1884இல் பெர்லினில் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைத் தனித்துக் காட்டத்தான் இந்த முறையைக் கண்டார். ரோஸ் நிறம் தரும் சாயம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

ஒரு வைவா எச்சரிக்கை. டெட்டனஸ் கிருமி ஸ்போரோடு (உறங்கும் வித்தோடு) 'டிரம்ஸ்டிக்' போல இருக்கும் என்று படித்துவிட்டு வருசா வருசம் யாராவது ஒருவர் முருங்கைக்காய் வரைந்து வைக்கிறார். அது முரசு அடிக்கும் குச்சி, ஐயா. நுனியில் குண்டு இருக்கும்.

வீரவநல்லூர்க்காரன்:
சார், நானும் நோட்டுல முருங்கைக்காய்தான் வரைஞ்சு வச்சிருக்கேன் 😬 இப்பவே அழிக்கேன்.
அக்கா, பிளேட் வெள்ளிக்கிழமை போட்டதுதான்! பரீட்சைக்கு முன்ன கை பழக ஸ்டாஃப் தரமாட்டாங்க. வேற எதை வச்சுப் பழக?

கல்லிடை அக்கா:
வீட்டுல இட்லி மாவு இருக்கும்லா? புளிச்ச மாவுல ஒரு துளியைத் தண்ணியில நல்லாக் கலக்கி, மெல்லிசா இழுத்து, காயவிட்டு, தீயில மூணு தடவை காட்டிட்டுப் போடு. அதுல லூகோனோஸ்டாக்னு ஒரு பாக்டீரியா இருக்கும், கிராம் பாசிட்டிவ். கெட்டியா இழுத்துராத, சாயம் போகாம எல்லாமே ஊதாவாத் தெரியும், நீ பாஸ்னு நெனச்சிருவ.

வீரவநல்லூர்க்காரன்:
மாத்திரை டப்பாவுல மாவு கொண்டு போய் லேப்ல போட்டேன். ஸ்பிரிட் 12 செகண்ட். ஆயில் இம்மெர்சன்ல ஊதா உருண்டை, ஜோடியாவும் சங்கிலியாவும்! நடுநடுவுல முட்டை மாதிரி பெருசா ஒண்ணு, அதுவும் ஊதா, பக்கத்துல குட்டி ஒட்டிக்கிட்டு இருக்கு. அது என்ன பாக்டீரியாக்கா?

கல்லிடை அக்கா:
அது பாக்டீரியாவே இல்ல, ஈஸ்ட். குட்டி போட்டுக்கிட்டு இருக்கு. சுவர் கெட்டி, அதான் அதுவும் ஊதா. வைவாவுல அதைக் காட்டிக் கேட்டா சைசைச் சொல்லு. உங்க அம்மா மாவு எங்க போச்சுன்னு கேட்டா என் பேரைச் சொல்லிராத.