கருத்துக்கேட்பு கூட்டம் வருது, ரிப்போர்ட்ல எங்க ஏரி காய்ஞ்சு கெடக்கு

ஏரிக்கரையான்:
எங்க ஊர் வழியா புது நாலுவழிச்சாலை வரப்போகுது, கருத்துக்கேட்பு கூட்டம்னு பேப்பர்ல விளம்பரம் போட்டுட்டாங்க. கலெக்டர் ஆபீஸ் போய் அந்த ரோட்டோட சுற்றுச்சூழல் தாக்க ரிப்போர்ட்ட பாத்தேன், தலகாணி சைஸ், முழுக்க இங்கிலீஷ், சுருக்கம் மட்டும் தமிழ்ல. எங்க ஏரி போட்டோ இருக்கு, உள்ள மாடு மேயுது. தண்ணி இல்ல, சொல்ற மாதிரி பறவை எதுவும் இல்லன்னு எழுதிருக்காங்க. கார்த்திகைல வந்து பாருங்க, ஏரி ரொம்பி கலங்கல் போய் ரோட்டுல கெண்டை துள்ளும், கருவேல மரம் பூரா நத்தைகுத்தி நாரை உக்காந்திருக்கும். இப்படி எழுதலாமா? கூட்டத்துல என்ன பேசறது?

மதகு:
மே மாசம் வந்து எடுத்திருப்பாங்க தம்பி. ஆய்வுல என்னென்ன பாக்கணும்னு குடுக்கற டிஓஆர்லயே பெரும்பாலும் மழைக்காலம் தவிர ஒரு சீசன் டேட்டா போதும்னு தான் இருக்கும். காத்துல தூசி அளக்க அது சரி, மழை தூசிய கழுவிட்டா மாசு கம்மியா காட்டும். அதே கணக்க ஏரிக்கும் போட்டா எப்படி, நம்ம பக்கம் ஏரிக்கு உசுரே வடகிழக்கு பருவமழைல தான வருது? வடகிழக்கு பருவமழைலயும் ஒரு தடவ நீர், பறவை, மீன் கணக்கு எடுங்கன்னு கேளுங்க. வாயால சொன்னா பத்தாது, தேதி தெரியற போட்டோவோட எழுதிக் குடுங்க.

செல்வி அக்கா:
நான் ஒரு கூட்டத்துக்கு போய் பட்டிருக்கேன். வேணாம் வேணாம்னு கத்திட்டு பாதி பேர் வெளிய வந்துட்டோம், நானும் தான். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இதுக்கு இத்தன பேர் இருக்கணும்ங்கற கோரமே (quorum) கிடையாது, நாம வெளிய வந்தப்புறமும் கூட்டம் நடந்து முடிஞ்சிடுச்சு. கடைசி வரைக்கும் உக்காருங்க. பேசினத எல்லாம் முடிவுல நம்ம மொழில படிச்சு காட்டணும், உங்க ஏரி பேர் அதுல வரலன்னா அங்கயே எந்திரிச்சு கேளுங்க. வர முடியாதவங்க மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு லெட்டர் போடலாம், அதுவும் கணக்குல வரும்.

பைபாஸ் ரவி:
ரோடும் வேணும்ல பிரதர், எங்க ஊர்ல ஆம்புலன்ஸ் டிராபிக்ல நிக்குது. அதான் நிலம் எடுக்க நோட்டீஸ் வந்திருக்குமே, இனி பேசி என்ன ஆகப்போகுது?

மதகு:
ஆகும் ரவி. சேலம் எட்டுவழிச்சாலை கேஸ்ல 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சு, நிலம் எடுக்கற அறிவிப்புக்கு முன்னாடியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும்னு இல்ல, ஆனா வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா வாங்கணும்னு. அப்படியே அனுமதி குடுத்தாலும் 30 நாளைக்குள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு போகலாம், தென்மண்டல அமர்வு சென்னைலயே இருக்கு.

ஏரிக்கரையான்:
ரொம்ப நன்றி. ரவி அண்ணா, ரோடு வேணாம்னு நாங்க சொல்லல, வரத்துக்கால்வாய்ல மண்ணக் கொட்டி மேடாக்காம தூண் போட்டு தூக்கி போங்கன்னு தான் கேக்கறோம், அது அடைபட்டா கீழ இருக்கற நஞ்சை பூரா போச்சு. ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போன ஐப்பசி, கார்த்திகை போட்டோ எல்லாம் கேட்டிருக்கேன். ஏரித்தண்ணிய வயலுக்கு பிரிச்சு விடற எங்க நீர்கட்டி தாத்தா எந்த வருசம் எந்த தேதில கலங்கல் போச்சுன்னு மனப்பாடமா சொல்லுவாரு, அவரையும் கூட்டிட்டு போறேன்.